வெயிலை மடித்து வைத்த பெட்டி

இருட்டிய பிறகு நங்கூரம் போட்டு நிற்கும் படகு, எல்லாத் திசைக்கும் தெரியும்படி ஒரு வெள்ளை விளக்கை எரியவிட வேண்டும். கடல் விதி அது. காலித் துறைமுகத்திலும் கொச்சியின் போல்காட்டித் துறையிலும், கடல்களைச் சுற்றிவரும் பாய்மரப் படகுகள் வந்து ஓய்வெடுக்கும்போது அந்த விளக்குகளைப் பார்க்கலாம். பகலில் அதே படகுகளின் மேல்தளத்தில் இன்னொன்றும் கண்ணில் படும்: கைப்பெட்டி போல இரண்டாக மடியும் ஒரு சோலார் பேனல். காலையில் விரிக்கிறார்கள், வெயில் நகர நகர இடம் மாற்றுகிறார்கள், மாலையில் மடித்து உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். அதிலிருந்து புறப்படும் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் படகின் வயிற்றுக்குள் இருக்கும் பேட்டரியில் போய் முடிகின்றன. பகலெல்லாம் குடித்த வெயிலைத்தான் அந்த விளக்கு இரவெல்லாம் எரிக்கிறது.

ஒரு பக்கம் பேனல், மறுபக்கம் பேட்டரி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்ட்ரோலர். ஒன்றுக்கொன்று செய்துவைத்ததைப் போன்ற ஜோடி. ஆனால் இவை சேருவதற்கு நூறாண்டு பிடித்தது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே நகரத்தில் பிறந்தவை. ஒன்று ஆசிரியரின் கண்டுபிடிப்பு, மற்றது அவரிடம் உதவியாளராக இருந்தவரின் கண்டுபிடிப்பு.

அந்த நகரம் பாரிஸ். 1839-ல் அங்கே எட்மோன் பெக்கரல் என்ற 19 வயது இளைஞர் தன் தந்தையின் ஆய்வகத்தில் அமிலக் கரைசலில் இரண்டு பிளாட்டினத் தகடுகளைத் தொங்கவிட்டுச் சோதனை செய்துகொண்டிருந்தார். தகடுகளின் மேல் வெள்ளி உப்பு பூசியிருந்தது. வெளிச்சம் பட்டதும் மின்னோட்டம் உண்டானது. மறைத்தால் நின்றது. ஒளியே மின்சாரமாகும் என்பதை மனிதர் முதலில் கண்டது அந்தக் கிண்ணத்தில்தான். அவருடைய மகன் ஆன்ரி பெக்கரல்தான் பிற்காலத்தில் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினார். மகனின் புகழ் பெரிதாகிவிட்டதால் தந்தையின் கிண்ணம் பலருக்கு நினைவில் இல்லை.

அதே காலத்தில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு படகு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மோரிட்ஸ் யக்கோபி என்ற ஜெர்மானியப் பொறியாளர், ஜார் மன்னரின் பணத்தில், நேவா நதியில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 1838-ல் அதை ஓட்டினார். மறு ஆண்டு துத்தநாகமும் பிளாட்டினமும் வைத்த இன்னும் வலிய மின்கலங்களைக் கொண்டு ஓட்டிக் காட்டினார். அவற்றுக்குள் இருந்த நைட்ரிக் அமிலத்தின் புகை படகில் இருந்தவர்களை மூச்சுத் திணறவைத்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் மின்கலம் செத்துப்போகும். புதிதாகத்தான் போட வேண்டும். அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டே இருப்பதைப் போல. படகுக்கு வேண்டியிருந்தது தீர்ந்தபின் திரும்ப நிரப்பக்கூடிய ஒரு பாத்திரம்.

அந்தப் பாத்திரத்தைச் செய்தவர் கஸ்தோன் பிளாந்தே. பெக்கரல் பாரிஸின் தொழிற்கலைக் கல்விக்கூடத்தில் பேராசிரியராக ஆனபின் 1854-ல் அங்கே உதவியாளராகச் சேர்ந்தவர் இவர். பலதுறை ஆர்வலர். 1855-ல் பாரிஸுக்கு அருகே ஒரு ராட்சதப் பறவையின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். இன்றும் அந்தப் பறவைக்கு இவர் பெயரை வைத்து 'கஸ்தோர்னிஸ்' என்றுதான் பெயர். 1859-ல் இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி இடையில் தடுப்பு வைத்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டால் திருப்பிக் கொடுத்தது. இப்படி எத்தனையோ முறை. நம் ஊர் லாரியிலும், வீட்டு இன்வர்ட்டரிலும், விசைப்படகிலும் இன்று கனக்கும் ஈய பேட்டரி அதன் நேரடி வாரிசு.

பிளாந்தேயின் பேட்டரிக்குள் முதலில் மின்சாரத்தை நிரப்பியது எது தெரியுமா? அதே பழைய துத்தநாக மின்கலங்கள்தான். ஒரு பேட்டரியை நிரப்ப இன்னொரு பேட்டரியைக் காலி செய்தார்கள். வெளிச்சத்தை மின்சாரமாக்கலாம் என்று கண்டவரே அந்தக் கல்விக்கூடத்தின் பேராசிரியர். ஆனாலும் இரண்டையும் ஒரு கம்பியால் சேர்க்க யாருக்கும் வழியில்லை. பெக்கரலின் கிண்ணம் தந்த மின்சாரம் ஓர் ஊசியை அசைக்க மட்டுமே போதும். அண்டாவைத் துளித் துளியாக நிரப்பும் வேலை அது. இருவரும் தங்கள் தங்கள் வழியில் போனார்கள். அவர்களின் பொருள்களும் அப்படியே பிரிந்தன.

பேட்டரி தண்ணீருக்குப் போனது. 1881-ல் குஸ்தாவ் துரூவே என்ற பாரிஸ் கைவினைஞர், முதலில் ஒரு மூன்று சக்கர வண்டியைப் பிளாந்தேயின் பேட்டரியால் தெருவில் ஓட்டினார். அடுத்த மாதமே மோட்டாரை ஒரு சிறிய படகின் பின்புறச் சுக்கானில் மாட்டி சேன் நதியில் இறங்கிவிட்டார். அந்த மோட்டாரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிவிடலாம். இன்று ராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் வெளிப்புற எஞ்சினுக்கு அதுவே மூதாதை. துரூவேயை இங்கே அறிமுகம் செய்துவைக்கிறேன். கதையின் கடைசியில் அவர் எதிர்பாராத ஓர் ஊரில் திரும்ப வருவார்.

அதே 1881-ல் கமீல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்சைடைக் களிம்பாகப் பூசினால் பேட்டரி பல மடங்கு மின்சாரம் தாங்கும் என்று காட்டினார். உடனே ஆங்கில வணிகர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். உரிமைகளை வாங்கினார்கள், திருத்தினார்கள், நகலெடுத்தார்கள். 1882-ல் லண்டன் தேம்ஸ் நதியில் ஆன்டனி ரெக்கன்சான் பேட்டரிப் படகை ஓட்டினார். 1886-ல் 'வோல்டா' என்ற படகு ஒரே சார்ஜில் டோவரிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியின் செயற்கை நீர்நிலைகளில் 55 மின்படகுகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி இறக்கின. புகையில்லை, சத்தமில்லை, கரி அள்ளிப் போட ஆளில்லை. பெரிய மனிதர்கள் வெள்ளை உடையில் ஏறி அமரலாம்.

இத்தனை வெற்றியிலும் ஒரு முள் இருந்தது. படகு எங்கே போனாலும் கரைக்குத் திரும்பியாக வேண்டும். தேம்ஸ் கரையில் மோரிட்ஸ் இம்மிஷ் என்பவரின் நிறுவனம் படகுகளை வாடகைக்கு விட்டது. அவற்றுக்குச் சார்ஜ் ஏற்ற நதிக்கரையெங்கும் நிலையங்களையும் வைத்தது. அங்கே எஞ்சின் ஓடும், டைனமோ சுழலும், ராத்திரி பூரா படகு மின்சாரம் குடிக்கும். அமைதியான படகுக்குப் பின்னால் கரையில் ஓர் எஞ்சின் மறைந்திருந்தது. பிறகு பெட்ரோல் எஞ்சின் வந்தது. ஒரு டப்பா எண்ணெய் இருந்தால் போதும், நிலையமே வேண்டாம். மின்படகு ஓரம்கட்டப்பட்டது. பேட்டரி மட்டும் படகிலேயே தங்கிவிட்டது, விளக்கெரிக்கவும் எஞ்சினைக் கிளப்பவும்.

இனி மறுபாதி. சூரிய மின்கலத்தின் கதையை நிலத்தின் கதையாக, கூரையின் கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். என் கணிப்பு வேறு. அது சோர்ந்து விழுந்த ஒவ்வொரு முறையும் கை கொடுத்தது கடலும் கடற்காற்றின் ஈரமும்தான்.

முதல் முறை 1873-ல். கண்டங்களுக்கிடையே கடலடியில் தந்தி வடம் போட்ட காலம் அது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் 1871-ல் அப்படியொரு வடம் போய்ச் சேர்ந்திருந்தது. வடத்தைக் கடலில் இறக்கும்போதே எங்காவது அறுந்ததா, ஈரம் புகுந்ததா என்று சோதித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு மின்சாரத்தை மிகவும் தடுக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. வில்லபி ஸ்மித் என்ற ஆங்கிலேய மின்பொறியாளர் செலினியத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தார். அவை சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒரு நேரம் ஓர் அளவு, இன்னொரு நேரம் வேறோர் அளவு. காரணம் தேடியபோது குற்றவாளி அகப்பட்டது: பெட்டியின் மூடி. மூடியிருந்தால் தடை கூடியது. திறந்து வெளிச்சம் பட்டால் குறைந்தது. கடலடி வடத்துக்கு உதவாத அந்தக் குறைதான் செலினியத்தைப் புகழ்பெறச் செய்தது. மூன்று ஆண்டுகளில் லண்டனில் வில்லியம் கிரில்ஸ் ஆடம்ஸ், ரிச்சர்ட் டே இருவரும், செலினியம் வெளிச்சத்தில் தானாகவே மின்சாரம் தருகிறது என்று கண்டார்கள். அமிலம் வேண்டாம், கிண்ணம் வேண்டாம். காய்ந்த ஒரு கட்டி போதும்.

நியூயார்க்கில் சார்ல்ஸ் ஃபிரிட்ஸ் 1883-ல் செலினியத்தின் மேல் மிக மெல்லிய தங்கப் படலத்தை ஒட்டிப் பேனலே செய்துவிட்டார். ஒன்றை ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸுக்கு அனுப்பினார். சீமன்ஸ் வியந்து பாராட்டினார். ஆனால் விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமானது. தங்கம் பூசிய பேனலை வைத்து யார் பேட்டரி நிரப்புவார்கள்? செலினியம் கடைசியில் புகைப்படக்காரர்களின் வெளிச்சமானிக்குள் போய் அமர்ந்துகொண்டது.

அடுத்து வருபவர் ஒரு போலந்துக்காரர், கையில் பேனாவோடு. 1916-ல் பெர்லினில் யான் சோக்ரால்ஸ்கி குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது, மைக்கூட்டில் தொடுவதாக நினைத்து உருகிய வெள்ளீயம் இருந்த குடுவையில் பேனாவைத் தோய்த்துவிட்டார் என்று சொல்வார்கள். தூக்கிப் பார்த்தால் முள்ளின் நுனியிலிருந்து மெல்லிய உலோக இழை தொங்கியது. ஆராய்ந்தால், முழு இழையும் ஒரே படிகம். உருகிய குழம்பிலிருந்து மெல்ல மெல்ல இழுத்துப் படிகம் வளர்க்கும் அந்த முறையில்தான் இன்றைக்கும் சிலிக்கான் தூண்கள் வளர்க்கப்படுகின்றன. படகில் விரிக்கும் பேனலின் கறுப்புக் கட்டங்கள், மூலைகள் சற்றே மழுங்கியிருக்கின்றனவே, கவனித்திருக்கிறீர்களா? வட்டத் தூணைச் சீவிச் சதுரமாக வெட்டிய தடம் அது.

சிலிக்கானிடம் இந்த வித்தை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது ஒரு விரிசல். 1940-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் வானொலி அலைகளைப் பிடிக்கச் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நடுவே வெடித்த ஒரு துண்டின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டதும் மின்சாரம் துள்ளியது. விரிசலின் ஒரு பக்கத்தில் ஒருவகைக் கலப்பு, மறுபக்கத்தில் வேறொரு வகைக் கலப்பு. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் எலக்ட்ரான்களை ஒரே திசையில் தள்ளுகிறது. நல்ல துண்டாக இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அங்கேயே 1950-களின் தொடக்கத்தில் டேரில் சேப்பின் என்ற பொறியாளருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெப்ப மண்டலத்தின் ஈரக் காற்றில் தொலைபேசிக் கருவிகளின் உலர் மின்கலங்கள் சீக்கிரமே கெட்டுப்போகின்றன. மாற்று வழி தேடுங்கள் என்று. பசிபிக் கரைகளிலும் நம்முடைய கரைகளிலும் வீசும் அதே புழுக்கக் காற்றுதான். சேப்பின் செலினியத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது சக ஆய்வாளர் ஜெரால்ட் பியர்சன், அதை விட்டுவிடு, இதைப் பார் என்று சிலிக்கான் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதன் மேல் பூசியிருந்தது லித்தியம். வேலை செய்தது, ஆனால் லித்தியம் அடங்கி இருக்கவில்லை, நாளடைவில் சிலிக்கானுக்குள் ஊர்ந்து ஊர்ந்து எல்லையைக் கெடுத்தது. வேதியியலாளர் கால்வின் ஃபுல்லர் லித்தியத்தைத் துரத்திவிட்டு ஆர்செனிக்கையும் போரானையும் கொண்டுவந்தார். 1954 ஏப்ரல் 25 அன்று செய்தியாளர்களுக்கு முன்னால் சிலிக்கான் மின்கலங்கள் ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக் காட்டின. வெயிலில் நூற்றுக்கு 6 பங்கு மின்சாரமானது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட லித்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் திரும்ப வரும்.

விலைதான் மலைக்கவைத்தது. 1956-ல் சேப்பினே கணக்குப் போட்டார்: ஒரு வாட் தரும் மின்கலத்துக்கு 286 டாலர். இன்று படகில் விரிக்கும் 100 வாட் பேனல் அன்று 28,600 டாலர் ஆகியிருக்கும். படகையே வாங்கிவிடலாம். விலை கேட்காத வாங்குபவர் ஒருவர்தான் இருந்தார்: விண்வெளி. 1958 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் அனுப்பிய வான்கார்ட் என்ற பப்ளிமாஸ் அளவுச் செயற்கைக்கோளில், சாதாரண மின்கலங்களோடு ஆறு சூரிய மின்கலங்களும் ஒட்டப்பட்டிருந்தன. கடற்படைக்கு அவற்றின் மேல் நம்பிக்கையே இல்லை. தரைப்படையின் ஆய்வாளர் ஹான்ஸ் சீக்லர் பிடிவாதம் பிடித்துச் சேர்த்தவை. சாதாரண மின்கலங்கள் சில வாரங்களில் ஓய்ந்தன. சூரிய மின்கலங்கள் 1964 வரை குரல் கொடுத்தன.

விண்ணிலிருந்து அதை மீண்டும் கடலுக்கு இறக்கியவர்களில் முந்தியவர்கள் ஜப்பானியர்கள். கூர்முனை பென்சில் செய்து பெயர் வாங்கி, அந்தப் பென்சிலின் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்ட ஷார்ப் நிறுவனம், அமெரிக்கக் கண்டுபிடிப்பைக் கற்று 1963-ல் பேனல்களைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. 1966-ல் நாகசாகிப் பகுதியின் ஓகாமித் தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு 225 வாட் பேனல்களைப் பொருத்தியது. அன்றைக்கு உலகிலேயே பெரியது அது. இன்று இரண்டு மடக்குப் பேனல்களை விரித்தால் அந்த அளவு வந்துவிடும். யோசித்துப் பார்த்தால் நம் ஜோடி உண்மையாகக் கைகோத்த இடங்களில் ஒன்று இந்தத் தீவு: பகலில் பேனல் நிரப்பும், இரவில் பேட்டரி எரிக்கும், மாலுமிக்கு வழி தெரியும்.

வாங்கக்கூடிய விலைக்கு அதைக் கொண்டுவந்தது, எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பணம். எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர் எக்சான் நிறுவனத்தின் ஆதரவோடு 1973-ல் சோலார் பவர் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். கணினிச் சில்லு செய்பவர்கள் குறை சொல்லி ஒதுக்கிய சிலிக்கான் வில்லைகளை அவர் வாங்கிக்கொண்டார். சில்லுக்குத்தான் மாசற்ற சிலிக்கான் வேண்டும், வெயிலுக்கு அவ்வளவு சுத்தம் வேண்டாம். வில்லையைப் பளபளவென்று மெருகேற்றும் வேலையையும் விட்டார். வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலை 20-க்கு வந்தது. வாங்க வரிசையில் நின்றவை மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகள். கப்பல் வந்து மோதாமலிருக்க அவற்றில் விளக்கு எரிய வேண்டும், பனிமூட்டத்தில் சங்கு ஊத வேண்டும். அதுவரை கனத்த பேட்டரிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றி, தீர்ந்ததைக் கடலுக்குள்ளேயே தள்ளிவிடுவது வழக்கம். ஈயமும் அமிலமும் கடலின் அடியில் குவிந்தன. 1978-ல் அமெரிக்கச் சூழல் காப்பு முகமை அதைத் தடை செய்ததும் பேனலின் காலம் வந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையிலும் லாயிட் லோமர் என்ற அதிகாரி, மேலதிகாரிகள் தயங்கியும் விடாமல் வாதாடி, மிதவை விளக்குகளை வெயிலுக்கு மாற்றவைத்தார். மக்களின் வரிப்பணத்தை மிச்சப்படுத்தியதற்காக அதிபர் ரீகன் பின்னர் அவரைப் பாராட்டினார். கடலுக்குள் பேட்டரியைத் தள்ளுவதை நிறுத்திய வகையில் என் பாராட்டும் அவருக்கு உண்டு.

மிதவைக்கு வந்தது படகுக்கு வர எவ்வளவு நேரம்? 1975-ல் இங்கிலாந்தில் ஆலன் ஃபிரீமன் ஒரு சிறிய இரட்டை உடல் படகை வெயிலில் ஓட்டிக் காட்டினார். 1985-ல் ஜப்பானியர் கெனிச்சி ஹோரி, பேனல் வேய்ந்த சிறு படகில் தனியாளாக ஹவாயிலிருந்து ஜப்பானின் சிச்சிஜிமாத் தீவு வரை பசிபிக்கைக் கடந்தார். இவை சாகசங்கள். சத்தமில்லாமல் பரவியது வேறொன்று: பாய்மரப் படகுக்காரர்கள் ஒரு பேனலை வாங்கி, படகின் விளக்குக்கும் வானொலிக்கும் உள்ள பேட்டரியில் மாட்டிக்கொண்டது. காற்றில் போகும் படகு விளக்கெரிக்க மட்டும் டீசல் எஞ்சினைத் தினமும் ஓட்டவேண்டிய தொல்லை அதோடு குறைந்தது.

அந்தப் பேனல் ஏன் சரியாகப் படகு பேட்டரிக்குப் பொருந்தியது? அதற்கு நன்றி சொல்லவேண்டியது மோட்டார் காருக்கு. பிளாந்தேயின் ஈயக் கலம் ஒன்று 2 வோல்ட் தரும். 1912-ல் கேடிலாக் காரில் கைப்பிடி சுழற்றாமலே எஞ்சின் கிளப்பும் மின் ஸ்டார்ட்டர் வந்தபின் காருக்குப் பேட்டரி கட்டாயமாயிற்று. முதலில் மூன்று கலம், 6 வோல்ட். 1950-களின் நடுவில் எஞ்சின்கள் பெருத்ததும் ஆறு கலம், 12 வோல்ட். காருக்குச் செய்ததையே படகும் எடுத்துக்கொண்டது. அதை நிறைக்க 14 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். வெயிலில் சூடேறினால் பேனலின் அழுத்தம் இறங்கும், அதற்கும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். சிலிக்கான் கட்டம் ஒன்று தருவது ஏறக்குறைய அரை வோல்ட். அதனால் 36 கட்டங்களைத் தொடராகக் கோத்து 18 வோல்ட் பேனல் செய்தார்கள். அந்த எண்ணிக்கை இன்றும் மாறவில்லை. சந்தையில் கிடைக்கும் பல மடக்குப் பேனல்களின் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். 1859-ன் ஈயத் தகடு அங்கே ஒளிந்திருக்கிறது.

விலை இறங்கிய கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். சிட்னியில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரிடம் படித்த ஷி ஜெங்ரோங் 2001-ல் சீனாவின் ஊஷி நகருக்குத் திரும்பி சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். வெயில் மின்சாரத்துக்கு ஜெர்மனி 2000-ல் சட்டம் போட்டு நல்ல விலை கொடுத்ததால் அங்கே வாங்க ஆள் காத்திருந்தார்கள். ஷியைப் பார்த்து நூறு பேர் தொழிற்சாலை போட்டார்கள். நகலுக்கு நகல், போட்டிக்குப் போட்டி. 2013-ல் சன்டெக்கின் முதன்மைப் பிரிவே திவாலானது. ஆனால் பேனலின் விலை வாட்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே போய், இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. மறுபுறம், நீல எல்இடி விளக்கு வந்ததால் வெள்ளை எல்இடி சாத்தியமாயிற்று. 10 வாட் தின்ற நங்கூர விளக்குக்கு இப்போது 2 வாட் போதும். பேனல் மலிந்தது, விளக்கின் பசி குறைந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் கையில் தூக்கும் பேனலே ஒரு படகுக்குப் போதும் என்றானது.

ஏன் தூக்கும் பேனல்? கூரையில் நிரந்தரமாகப் பதித்தால் என்ன? படகில் இருந்தவர்களுக்குத் தெரியும்: நிழல். பாய்மரத்தின் நிழல், மடித்துக் கட்டிய பாயின் நிழல், கயிற்றின் நிழல். நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தகுந்தபடி முகம் திருப்பிக்கொண்டே இருக்கும்; பத்து நிமிடத்துக்கு முன் வெயில் அடித்த இடத்தில் இப்போது நிழல். 36 கட்டங்களும் ஒரே சங்கிலி. ஒரு கட்டத்தின் மேல் நிழல் விழுந்தால், ஒரே குழாயில் ஓரிடத்தை மிதித்ததைப் போல மொத்த ஓட்டமும் சுருங்கும். மாற்றுவழி டயோடு இருந்தால் பாதிப் பேனலாவது தப்பும். நீளமான கம்பியோடு, நிழலுக்குத் தப்பி ஓடக்கூடிய சிறிய பேனல், அசையாத பெரிய பேனலை வென்றுவிடுவது இதனால்தான். சூரியனை நேராகப் பார்க்கும்படி சாய்த்தும் வைக்கலாம். நம் பக்கத்து வெயிலில் 100 வாட் பேனல் ஒன்று நல்ல நாளில் இழப்பு போக 400 வாட்-மணி அளவுக்குத் தரும். விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ், கைபேசி எல்லாம் அதில் ஓடும். கவனமாக இருந்தால் சின்னக் குளிர்பெட்டியும் ஓரளவு ஓடும்.

கன்ட்ரோலரை மட்டும் விட்டுவிடக் கூடாது. 18 வோல்ட்டை நேராகப் பேட்டரியில் விட்டால் நிறைந்த பிறகும் ஏறிக்கொண்டே போய், தண்ணீர் பிரிந்து, ஹைட்ரஜன் வாயு படகின் மூடிய அறைக்குள் தேங்கும். தீப்பொறி ஒன்று போதும். ஈய பேட்டரியை அரைகுறையாக விட்டுவைப்பதும் கெடுதல். தகட்டின் மேல் ஈய உப்பு இறுகிப் படிந்து அதன் ஆயுளைக் குடித்துவிடும். ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதிதான். மாதக்கணக்கில் துறையில் சும்மா நிற்கும் படகுகளின் பேட்டரிகள் இப்படித்தான் சாகின்றன. தினமும் சிறிதளவு வெயில் கிடைத்தால் அவை பிழைத்துக்கொள்ளும்.

இனி லித்தியம். சிலிக்கானிலிருந்து துரத்தப்பட்டதே, அது பேட்டரிக்குள் வந்து குடியேறியது. பேனலில் அதன் குற்றம், ஓரிடத்தில் நிற்காமல் ஊர்வது. பேட்டரியில் அந்த ஊர்தலே வேலை: சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். அமெரிக்காவின் டெக்சாஸில் ஜான் குடினஃப்பின் ஆய்வகத்தில் ஆறுமுகம் மந்திரம் என்ற நம்மவர் இருந்தார். தென் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். விலை மலிந்த இரும்பை, சல்பேட் போன்ற அணுக்கூட்டங்களோடு சேர்த்தால் கலத்தின் வோல்ட் உயர்கிறது என்று 1980-களின் இறுதியில் அவரும் குடினஃப்பும் காட்டினார்கள். அந்தத் தடத்தில் அதே ஆய்வகம் 1997-ல் அறிவித்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். எளிதில் தீப்பிடிக்காது என்பதால் படகுக்காரர்கள் இன்று விரும்பி வாங்குவது இதைத்தான். ஒரு கலம் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. ஈய பேட்டரி இருந்த குழியிலேயே இதை வைத்துவிடலாம், எடை பாதிகூட இல்லை. 2019-ல் குடினஃப்புக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோம் மேடையில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

பேனலும் லித்தியமும் சேர்ந்தபின் படகுகள் வெயிலிலேயே ஓடத் தொடங்கின. 31 மீட்டர் நீளமுள்ள டியூரானோர் பிளானெட்சோலார் 2010-ல் மொனாகோவிலிருந்து கிளம்பி 584 நாட்களில் உலகைச் சுற்றி வந்தது. என் மனம் அதைவிட ஒரு சின்னப் பயணத்தில்தான் நிற்கிறது. கேரளத்தின் வைக்கத்தில், தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தில் பெரியார் சிறைப்பட்ட அதே வைக்கத்தில், வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு மக்களை அன்றாடம் ஏற்றிப்போகிறது ஒரு படகு. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அதன் பெயர் ஆதித்யா. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் பேனல்கள், கீழே லித்தியம் பேட்டரி. ஏறுபவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள். டீசல் புகை இல்லை, எஞ்சின் இரைச்சல் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு மெதுவாகப் பேசிக்கொண்டே போகலாம்.

2020-ல் அந்தப் படகுக்கு மின்படகுகளுக்கான ஓர் உலக விருது கிடைத்தது. சேன் நதியில் மோட்டாரைக் கையோடு கழற்றிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிய அந்தப் பாரிஸ் கைவினைஞரின் பெயரில் கொடுக்கும் விருது: குஸ்தாவ் துரூவே விருது.